தாப்பா மலைப்பாதையும் தாழ்த்திய மோட்டாரும்

கேமரன் மலைக்குப் போகாதவர்கள் நம்மில் குறைவு. பள்ளிக்கூட உல்லாசப் பயணமாகவோ, கல்யாணமான புதிதிலோ, தோட்டத்து இளைஞர் மன்றம் பஸ் பிடித்துக் கூட்டிப் போனபோதோ நீங்களும் ஒருமுறை போயிருப்பீர்கள். பஸ்ஸில் பாதிப் பேருக்கு வாந்தி வந்திருக்கும். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவர் மட்டும் மூங்கில் காட்டையும் அருவியையும் பார்த்திருப்பார்.

இம்முறை உங்களை மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போகிறேன். நீங்கள் ஓட்டுங்கள், நான் பின்னால் உட்கார்ந்து வழி சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். புறப்படுமுன் ஒரே ஒரு கேள்வி. வண்டியில் உட்கார்ந்தபடி கீழே பாருங்கள். உங்கள் இரண்டு பாதங்களும் தரையில் படிகின்றனவா, அல்லது கட்டைவிரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருக்கிறதா?

இதென்ன கேள்வி என்று சிரிக்காதீர்கள். அந்த ஓரிரு அங்குலத்துக்காக நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன். கேமரன் மலையின் குளிரும் ஸ்ட்ராபெரித் தோட்டமும் வழியில் வந்தால் வரட்டும்.

என் உயரம் ஐந்து அடி மூன்று அங்குலம். பால்மரம் வெட்டிய காலத்திலும் பிறகு செம்பனைக் காட்டில் டிராக்டர் ஓட்டிய காலத்திலும் என்னிடம் இருந்தது ஹோண்டா கப் ஒன்றுதான். நம் தோட்டங்களில் அந்த வண்டி சுமக்காதது எது? பால் வாளி, கேஸ் தோம்பு, நான்கு பிள்ளைகள், பொங்கலுக்குக் கரும்புக் கட்டு. நூறு கிலோவுக்கும் குறைந்த வண்டி. உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையில் அம்மிக்கல் மாதிரி ஊன்றி நிற்கும். அது சாய்ந்தாலும் ஒரு காலால் நிமிர்த்திவிடலாம்.

ஓய்வு பெற்ற பிறகு, 2022-ஆம் ஆண்டில், சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு பழைய டூரிங் மோட்டார் வாங்கினேன். கவாசாக்கி வெர்சிஸ் எக்ஸ் 250. நம்மில் பெரும்பாலோர் கையில் இருக்கும் பி2 லைசென்சுக்கு 250 சிசி வரைதான் அனுமதி. அதற்குள் அடங்கும் வண்டி என்பதால்தான் அதை எடுத்தேன். முன் சக்கரம் 19 அங்குலம். இருக்கையின் உயரம் 815 மில்லிமீட்டர், அதாவது முப்பத்திரண்டு அங்குலம். எடையோ கப் வண்டியைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வாங்கி வந்த அன்று பேரப்பிள்ளைகள் சுற்றி நின்று கைதட்டினார்கள். என் மனைவி மட்டும் சமையற்கட்டு வாசலில் நின்றபடி, “என்னங்க, இது குதிரை மாதிரில்ல இருக்கு! ஏணி வெச்சா ஏறணும்?” என்றாள்.

அவள் சொன்னது பலித்தது. வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. எங்கள் பட்டணத்து முச்சந்தியில், சாமான் பையோடு அவள் பின்னால் உட்கார்ந்திருக்க, சிவப்பு விளக்குக்கு நின்றேன். வழக்கம்போல் இடது காலை இறக்கினேன். தரை அகப்படவில்லை.

காரணத்தைக் கேளுங்கள். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். மழைநீர் வடியட்டும் என்று சாலையின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தித்தான் போடுவார்கள். ஆகவே நீங்கள் ஓரமாய் நிற்கும்போது இடது காலுக்குக் கீழே இருக்கும் தரை வலது காலின் தரையைவிடத் தாழ்ந்திருக்கும். கப் வண்டியில் முப்பது வருஷம் ஓட்டியும் எனக்கு இது தெரியாது. தெரிய வேண்டிய அவசியம் வரவில்லை. பெரிய வண்டியில் அந்த ஓர் அங்குலம் பள்ளம் போதுமானதாக இருந்தது. வண்டி மெதுவாகச் சாய்ந்தது. ஓர் அளவு வரைக்கும் பிடிக்கலாம். அதற்கு மேல் பீமனாலும் பிடிக்க முடியாது. இரண்டு பேரும் கால்வாய் ஓரத்தில் விழுந்தோம். எனக்கு ஒன்றுமில்லை. அவளுக்கு மணிக்கட்டு பிசகி ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தாள்.

கட்டு அவிழ்த்த பிறகும் அவள் அந்த வண்டியில் ஏறவில்லை. சண்டை போடவில்லை, திட்டவும் இல்லை. ஏறவில்லை, அவ்வளவுதான். கோயிலுக்குப் போனால் பக்கத்து வீட்டுக்காரர் காரில் போவாள். நான் பின்னாலேயே தனியாக மோட்டாரில் போவேன். ஊர் பார்த்துச் சிரித்தது.

இப்படியே ஒரு வருஷம் போனபின் மலையிலிருந்து செய்தி வந்தது. என் மனைவி பிறந்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அவளுடைய தகப்பனாருக்குப் பிறகு அதே லயத்து வீட்டில் அவள் அக்காளும் அக்காள் புருஷனும் இருந்து வந்தார்கள். சகலைக்கு வேலை முடிந்துவிட்டது. மாதக் கடைசியில் வீட்டுச் சாவியைக் கிராணியிடம் ஒப்படைத்துவிட்டு, ஈப்போவில் மகள் வீட்டுக்கு இறங்கிவிடுகிறார்கள். தோட்டத்து வீடு வேலை இருக்கிற வரைக்கும்தானே! இது நம்மில் யாருக்கும் புதிதல்ல.

“சாவி குடுக்கறதுக்குள்ள அந்த வீட்ட ஒரு தடவ பாத்துரணும்” என்றாள். மகனுக்கு சிங்கப்பூரில் வேலை. பக்கத்து வீட்டுக் காரை அவ்வளவு தூரத்துக்குக் கேட்க அவளுக்கு மனம் இல்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “உங்க ரெண்டு காலும் தரையில பட்டா நான் வரேன்” என்றாள்.

மறுநாளே பட்டறைக்குப் போனேன். அங்கே நடந்த தவறு என்னுடையது. பட்டறைக்காரர் ஓர் அங்குலம் போதும் என்றார். நான்தான், “ரெண்டு அங்குலம் எறக்குங்க, கால் நல்லா ஊனணும்” என்று அடம்பிடித்தேன். முன்பக்கத்தையும் இறக்க வேண்டுமே என்று அவர் சொன்னபோது, செலவை நினைத்து, பின்பக்கம் மட்டும் போதும் என்றேன்.

மோட்டாரைத் தாழ்த்துவது எப்படி என்று இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை நாளைக்குப் பெரிய மோட்டார் வாங்கி வந்து இதையே கேட்பான். என் வண்டி மாதிரியானவற்றில் பின்னால் ஒற்றை அப்சோர்பர் நடுவில் நிற்கும். அதையும் பின்சக்கரத்தைத் தாங்கும் கையையும் இணைத்து இரண்டு சிறு இரும்புத் தகடுகள் இருக்கும். பட்டறையில் லிங்க் என்பார்கள். அந்தத் தகட்டைக் கழற்றி வேறு நீளத்தில் ஒன்றைப் போட்டால் வண்டியின் பின்பாகம் கீழே இறங்கும். தகட்டின் நீளத்தில் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆனால் நெம்புகோல் கணக்கில் சக்கரத்திடம் அது பல மடங்காகிவிடும். முன்பக்கத்தில் ஹேண்டிலுக்குக் கீழே இரண்டு கவ்விகள் போர்க் குழாய்களைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றைத் தளர்த்தி, குழாய்களைக் கொஞ்சம் மேலே தள்ளி மீண்டும் இறுக்கினால் முன்பாகமும் இறங்கும். கேட்க எவ்வளவு சுலபம்!

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் குதிகாலோடு தரையில் படிந்தன. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது.

மனைவியை ஏற்றுமுன் ஒத்திகை பார்ப்பது நல்லது என்று தோன்றியது. இரண்டு காலி உரச்சாக்குகளில் மணல் அள்ளி, ஐம்பது கிலோ வரும்படி பின்னிருக்கையில் கட்டினேன். அவள் பார்த்துவிட்டு, “என்னைய மூட்டைனே முடிவு பண்ணிட்டீங்களா?” என்றாள். நான் வாய் திறக்கவில்லை.

பீடோரிலிருந்து தாப்பாவுக்குப் பழைய சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். வழியெல்லாம் கொய்யாக் கடைகள். தாப்பாவில் 59-ஆம் எண் சாலை மலைக்குத் திரும்புகிறது. அங்கிருந்து ரிங்லெட் வரை ஏறத்தாழ 46 கிலோமீட்டர், மேலும் 13 போனால் தானா ராத்தா. 1885-இல் இந்த மலையை அளக்க வந்த வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேயரின் பெயரைத்தான் மலைக்கு வைத்தார்கள். ஆனால் சாலை மேலே போய்ச் சேர்ந்தது 1931-இல்தான். இன்று சிம்பாங் பூலாயிலிருந்து அகலமான புதிய சாலை ஒன்றும் ஏறுகிறது. வேகமாகப் போக விரும்புகிறவர்கள் அதில் போகட்டும். வளைவுக்கு வளைவு மூங்கிலும் பெரணிச் செடியும் முகத்தில் உரச, காட்டு வாசனையோடு ஏறுவதற்குப் பழைய சாலைதான். பெட்ரோலைத் தாப்பாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் மழை வரும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வருஷக் கடைசியில் கனமழை பெய்தால் மண்சரிவும் உண்டு.

முதல் பத்து கிலோமீட்டர் சுகமாகப் போயிற்று. பிறகு வண்டியின் குணம் தெரிய ஆரம்பித்தது. வளைவில் திருப்பினால் திரும்ப மறுத்தது. பின்பக்கம் மட்டும் தாழ்ந்ததால் முன் போர்க் சாய்ந்து நீண்டுவிட்டது. கட்டை வண்டியைத் திருப்புவது போல் ஹேண்டிலை அமுக்கித் திருப்ப வேண்டியிருந்தது. முன்சக்கரம் தரையில் இருக்கிறதா இல்லையா என்பதே கைக்குத் தெரியவில்லை. அடுத்து, வலப்பக்கக் கொண்டை வளைவு ஒன்றில் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம். கால்மிதி தார்ச்சாலையில் உரசியது. இரண்டு அங்குலம் தாழ்ந்த வண்டி முன்பு சாய்ந்த அளவுக்குச் சாய முடியாது. அதற்கு முன்பே அதன் இரும்பு தரையைத் தொட்டுவிடும். வேகம் அதிகமாக இருந்திருந்தால் பின்சக்கரத்தையே தூக்கி எறிந்திருக்கும்.

அடுத்ததாகத் தீய்ந்த ரப்பர் வாசனை வந்தது. புகைக்கூடத்துக்குப் பக்கத்து லயத்தில் வளர்ந்தவனுக்கு ரப்பர் வாசனையைச் சொல்லித்தர வேண்டுமா? நிறுத்திக் குனிந்து பார்த்தேன். லிங்க்கை மாற்றினாலும் சக்கரம் மேலும் கீழும் போகும் தூரம் குறைவதில்லை. சக்கரம் வண்டியின் வயிற்றுக்கு அருகே வந்துவிடுகிறது, அவ்வளவுதான். குழியில் விழுந்து எழும்போதெல்லாம் டயர் உள்பக்க மட்கார்டில் தேய்ந்திருந்தது. மணல் மூட்டையின் பாரம் வேறு. மனைவி உட்கார்ந்திருந்தாலும் இதே கதைதான்.

அப்போதே திரும்பியிருக்க வேண்டும். லாத்தா இஸ்கண்டார் அருவி வரை போய்விட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன். நீங்கள் அந்த அருவியைப் பார்த்திருப்பீர்கள். சாலையை ஒட்டியே படிப்படியாக விழும் தண்ணீர். மலையேறும் வாகனங்கள் எல்லாம் அங்கே ஒரு மூச்சு விடும். அருவிக்குச் சற்று மேலே பூர்வகுடி மக்கள் போட்டிருந்த ஒரு பந்தலில் பெத்தாயும் தேனும் தொங்கின. வண்டியை ஓரமாக ஸ்டாண்டு போட்டுவிட்டு இறங்கி, பெத்தாய் விலை கேட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் ‘தடால்’ என்று ஒரு சத்தம்.

வண்டி ஸ்டாண்டு இருக்கும் பக்கம் விழவில்லை, எதிர்ப்பக்கம் விழுந்து கிடந்தது. யோசித்துப் பாருங்கள். வண்டி இரண்டு அங்குலம் தாழ்ந்துவிட்டது, ஸ்டாண்டு பழைய நீளத்திலேயே இருக்கிறது. இடப்பக்கம் வசதியாகச் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி செங்குத்தாக நின்றிருக்கிறது. லோரி ஒன்று கடந்த காற்றே அதற்குப் போதும். பந்தலின் ஒரு கால் முறிந்து பெத்தாய்க் கட்டெல்லாம் தரையில் சிதறியது.

அதைச் சொல்லவில்லை நான். வண்டி விழுந்த இடத்தில் ஒரு நிமிஷம் முன்பு வரை அந்தக் கடைக்காரப் பெண்ணின் குழந்தை உட்கார்ந்து கல் அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. தாய் ஏதோ கூப்பிட்டு எழுந்து போயிருந்தது. அடுக்கிய கல் அப்படியே கிடக்க, அதன் மேல் என் பெட்ரோல் டாங்கி.

எனக்குக் கால் நடுங்கிவிட்டது. அந்தப் பெண் முதலில் குழந்தையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பந்தலைச் சரிசெய்யப் பணம் கொடுத்தேன், சிதறிய பெத்தாய் அத்தனையையும் வாங்கிக்கொண்டேன், மணலை அங்கேயே சாலையோரம் கொட்டினேன். இறங்கி வரும் வழியில் எல்லா வளைவிலும் அந்தக் கல் அடுக்குதான் கண்ணில் நின்றது. வீட்டில் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். மறைத்து அவளை ஏற்றிக்கொண்டு போக எனக்கு மனம் ஒப்பவில்லை. கேட்டுவிட்டு, “பெத்தாய்ச் சம்பல் வைக்கவா?” என்று மட்டும் கேட்டாள். ஒரு வாரம் சம்பல்தான்.

அடுத்த வாரம் வேறு பட்டணத்தில் ஒரு வயதான சீனத் தவுக்கேயின் பட்டறைக்குப் போனேன். அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொன்னார். ஏறி உட்காரச் சொன்னார். பிறகு இருக்கையின் முன்பகுதியைத் தட்டிக் காட்டினார். “உன் கால் குட்டையில்லை. இருக்கை அகலம். கால் வெளியே வளைந்து போகிறது” என்று மலாயில் சொன்னார். எனக்குப் பொறி தட்டியது. கால் நேராக இறங்கினால் எட்டும் தரை, தொடையை விரித்து இறங்கும்போது எட்டுவதில்லை! இரண்டு அங்குலத்துக்காக வண்டியின் எலும்பை மாற்றினேன். பாதிக் குறை பஞ்சில் இருந்திருக்கிறது.

அவர் செய்தது இவ்வளவு. இருக்கையைப் பிரித்து முன்பக்க ஓரங்களில் பஞ்சைச் செதுக்கி ஒடுக்கினார். உட்காரும் இடத்தில் கை வைக்கவில்லை. அங்கே செதுக்கினால் நூறு கிலோமீட்டரில் முதுகு கேட்கும் என்றார். இரண்டு அங்குலத் தகட்டைக் கழற்றிவிட்டு ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்காத தகட்டைப் போட்டார். அதற்கு ஈடாக முன் போர்க்கையும் கவ்வியில் தள்ளினார். தள்ளிவிட்டு முன்பாகத்தை முழுவதும் அமுக்கி, மட்கார்டு எதிலும் முட்டவில்லையா என்று கையை விட்டுப் பார்த்தார். ஸ்டாண்டை அறுத்து, நடுவில் சிறு துண்டு எடுத்துவிட்டு, மீண்டும் வெல்டு வைத்து, அடியில் அகலமாக ஒரு தகடும் ஒட்டினார். செம்மண் தரையில் புதையாமல் இருக்க அது உதவும். சங்கிலியின் தொய்வைச் சரிபார்த்தார். முன்விளக்கைச் சுவரில் அடித்துப் பார்த்து இறக்கினார். பின்பக்கம் தாழ்ந்தால் வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும் அல்லவா?

கடைசியாக ஸ்ப்ரிங் விஷயம். தனியாகப் போகும்போது ஒரு நிலை, பின்னால் ஆள் உட்கார்ந்தால் இன்னொரு நிலை. இரண்டையும் குறித்துக் கொடுத்தார். கால் எட்டவேண்டும் என்பதற்காக ஸ்ப்ரிங்கைத் தளர்த்தியே வைத்திருப்பவர்கள் உண்டு. ஆள் உட்கார்ந்ததும் வண்டி ஊஞ்சல் மாதிரி அடிவரை போய் முட்டும். ஓட்டுகிறவர் உட்காரும்போது பின் அப்சோர்பர் தன் முழு ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கினால் அது பொதுவாக நல்ல அளவு. உங்களுக்கு உதவி செய்ய ஒருவர் இருந்தால், ஒரு டேப்பை வைத்து நீங்களே அளந்து பார்க்கலாம்.

ஜே.பி.ஜே. விஷயத்தையும் விடக்கூடாது. வண்டியின் அமைப்பில் கை வைப்பதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் எது கூடும், எது கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இன்சூரன்சுக்கும் சொல்லி வையுங்கள். நான் முதல் தடவை கேட்கவில்லை.

எல்லாம் முடிந்து உட்கார்ந்தேன். குதிகால் படியவில்லை! விரல்களும் பாதத்தின் முன்பாதியும்தான் ஊன்றின. தவுக்கே சிரித்தார். “ஒரு கால் போதும். எங்கே நிற்பது என்று பார்த்து நில்” என்றார்.

ஆனால் என் மனைவி கேட்டது இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்று. வீட்டு முற்றத்தில் அவள் பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, அடுப்பங்கரையில் பருப்பு வெந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி என் குதிகாலைப் பார்த்தாள். அரை அங்குலம் வெளிச்சம் தெரிந்தது. “படுது” என்றாள். அது பொய் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விடிகாலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். தாப்பாவில் ஒட்டுக்கடையில் தோசையும் தேத்தண்ணியும். ஏற்றத்தில் வண்டி சொன்னபடி கேட்டது. வளைவுகளில் உரசவில்லை, ஆனாலும் முன்பு சாய்த்த அளவுக்கு நான் சாய்க்கவும் இல்லை. ஓர் அங்குலம் தாழ்ந்த வண்டிக்கு ஓர் அங்குல மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். வேகத்தடை மேடுகளில் ஊர்ந்து போனேன். அந்தப் பெத்தாய்ப் பந்தலில் நிறுத்தினோம். புதுக் கால் போட்டிருந்தார்கள். என் மனைவி குழந்தையின் கையில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, அது எங்கே உட்கார்ந்திருந்தது என்று என்னிடம் கேட்டாள். காட்டினேன். ஒன்றும் பேசாமல் வந்து ஏறிக்கொண்டாள்.

ரிங்லெட் வந்தபோது குளிர் சட்டைக்குள் புகுந்துவிட்டது. அதற்கு அப்பால் ஏரி. 1960-களில் மின்சாரத்துக்காகக் கட்டிய சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர் அது. தூரத்தில் பார்க்க அழகு. கிட்டத்தில் போனால் மேலே மலையை வெட்டிய மண்ணெல்லாம் வந்து தேங்கியிருப்பது தெரியும். 2013 அக்டோபரில் அணை நீரைத் திறந்துவிட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போனது உங்களுக்கு நினைவிருக்கலாம். வழியெங்கும் மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றின் கீழே கீரையும் தக்காளியும். இது ஏழைகளின் பிழைப்பும்கூட, ஆகையால் குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் என் மனைவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது அதெல்லாம் காடு.

ஏரியைத் தாண்டி ஹாபு பகுதியில் போ தேயிலைத் தோட்டத்துக்குப் பாதை பிரிகிறது. 1929-இல் தொடங்கிய தோட்டம். பலகையில் ‘போ’ என்று படித்துவிட்டு, வரவேற்பு நன்றாக இருக்கிறதே என்று கேலி பேசாத தமிழன் கிடையாது. நாங்கள் போக வேண்டியது வேறொரு தோட்டம். ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பாதைகள் எல்லாம் ஒரே அச்சு. ஒரு வண்டி போகும் அகலம், ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய வரை பச்சைக் கம்பளம் விரித்த பள்ளம். நம் தகப்பன் பாட்டன் கையால் நட்ட கம்பளம் அது. இப்போது கொழுந்து கிள்ளுவது குறைந்து இயந்திரத்தால் வெட்டுகிறார்கள். வெட்டுகிறவர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள்.

அந்தப் பாதையில்தான் என் பரீட்சை. மூடுபனியில் ஒரு வளைவு திரும்பினால் எதிரே கொழுந்து லோரி. நான் ஒதுங்கி நின்றே ஆக வேண்டும். இடப்பக்கம் பள்ளம், ஓரம் சரிந்து கிடக்கிறது. பழைய பழக்கத்தில் இடது கால் இறங்கப் பார்த்தது. அந்த இடத்தில் இறக்கியிருந்தால் ஓர் அங்குலம் அல்ல, நாலு அங்குலம் தாழ்த்திய வண்டியானாலும் தரை எட்டியிருக்காது. லோரியைப் பார்த்ததுமே வேகத்தைக் குறைத்தேன். நிற்கப் போகும் இடத்தைக் கண்ணால் தேடினேன். சரிவு தொடங்குவதற்கு முன்னால் சமமாக ஒரு திட்டு. அங்கே கொண்டுபோய், இடது காலைப் பிரேக் மாதிரி இருக்கும் கியர்ப் பெடலிலேயே விட்டுவிட்டு, வலக்காலை மேட்டுப் பக்கம் இறக்கினேன். முழுப் பாதமும் படிந்தது. முன் பிரேக்கைக் கையால் பிடித்துக்கொண்டேன். லோரி எங்களை உரசிக்கொண்டு போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “அக்கா வீட்டுக்கா?” என்று என் மனைவியைக் கேட்டார். அவளை அடையாளம் தெரிந்திருக்கிறது. என் தோளை அழுத்தியிருந்த அவள் கை அப்போதுதான் தளர்ந்தது.

லயத்தில் மூட்டை முடிச்சுகள் பாதி கட்டியாகிவிட்டன. அக்காளும் தங்கையும் வீட்டுக்குள் போனார்கள். நான் போகவில்லை, அது அவர்கள் இருவருக்கும் உரிய நேரம். ஒவ்வோர் அறையாக நடக்கும் சத்தம் வெளியே கேட்டது. மொத்தம் இரண்டே அறை. ஆனாலும் வெகு நேரம் நடந்தார்கள்.

சகலை என் வண்டியைச் சுற்றி வந்தார். முப்பத்தைந்து வருஷம் அந்த மலையில் தோட்டத்து லோரி ஓட்டியவர். வெட்டி ஒட்டிய ஸ்டாண்டைக் காலால் தட்டிப் பார்த்து, “நல்லா வெல்டு வெச்சிருக்கான் தம்பி” என்றார். பிறகு, “எல்லாத்தையும் கீழ எறக்கிட்டாங்க. ஒன்னோட வண்டியையும், எங்களையும்” என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மதியச் சோற்றுக்கு நெத்திலிக் குழம்பும் மலைக்கீரையும். மூன்று மணி மழைக்கு முன் இறங்க வேண்டும். அக்காள் ஒரு பையில் தேயிலைத்தூளும், பின்கட்டிலிருந்த ரோஜாவிலிருந்து வெட்டிய இரண்டு பதியனும் கொடுத்தார். நான் ஸ்பேனரை எடுத்து ஸ்ப்ரிங்கை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். இறக்கத்தில் பாரம் முழுதும் முன்னால் தள்ளும். பின்பக்கம் தொங்கினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஆட்டம் போடும்.

அந்த வீட்டு வாசலில் ஒரு கருங்கல் படி உண்டு. என் மனைவி அதன் மேல் ஏறி நின்று, வண்டியைக் கிட்டே கொண்டு வரச் சொன்னாள். கொண்டு போய் நிறுத்தினேன். படியும் இருக்கையும் அவளுக்குச் சரியான உயரமாக இருந்தன. ஏணி எதுவும் தேவைப்படவில்லை. பதியனை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். என் கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. “போலாங்க, மழ வருது” என்றாள்.

ரோஜாவில் ஒன்று பட்டுவிட்டது. மற்றொன்று எங்கள் வீட்டு முற்றத்தில், மோட்டார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.